பிரட்டுக்களத்தில் ஒரு டோர்ச்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்துப் பசறைக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு வீடு. பணிய லயத்துப் பெரியம்மா. இடது கன்னத்துக்குள் வந்த புண் தாடையைத் தின்று கழுத்துக்கு இறங்கியது. கடைசி இரண்டு மாதம் கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை. இஸ்தோப்பில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்த படித்த உறவினர் ஒருவர், "என்னா செய்ய, நம்ம சனம் எப்பவும் பிந்தித்தான் போகும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெரியம்மாவின் மகளும் தலையாட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியம்மா பிந்திப் போகவில்லை. அவருக்குப் பிரஷர் இருந்தது. எட்டு வருடமாக மாதா மாதம் கிளினிக் நாளில் விடியற்காலை பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, கையில் பட்டி கட்டி அளந்து, குளிசை வாங்கி வந்தவர். ஏறக்குறைய தொண்ணூறு தடவை. அது போக, காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். கண்ணில் பூ விழுந்தபோது கண் ஆஸ்பத்திரி முகாமுக்குப் போனார். எல்லா இடத்திலும் அவர் வாய் சிவந்துதான் இருந்தது. வெத்தலைச் சாறு உதட்டோரம் காய்ந்திருந்ததைப் பார்த்துச் சில தாதிமார் முகம் சுளித்ததும் உண்டு. "பெரியம்மா, வாயைத் திறங்க, பாப்போம்" என்று அந்த எட்டு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. தொண்ணூறு தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒருத்தியைப் பற்றித்தான் "பிந்திப் போனாள்" என்று சாவு வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

இந்தப் பேச்சு சாவு வீட்டோடு நிற்பதில்லை. மேடையில் தொழிற்சங்கத் தலைவர்கள் சொல்கிறார்கள், பத்திரிகையில் வைத்தியர்கள் எழுதுகிறார்கள், பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். சாரம் ஒன்றுதான். தோட்டத்துச் சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை, வெத்தலையை விட மாட்டார்கள், முற்றிய பிறகுதான் வருவார்கள், ஆகவே செய்வதற்கு அதிகம் இல்லை. அதோடு இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களை முன்கூட்டியே பரிசோதிப்பது, அதாவது ஸ்கிரீனிங், பணக்கார நாடுகளின் காரியமாம். அதற்கு சீ.ரீ. ஸ்கேன் வேண்டும், நிபுணர்கள் வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும், பதுளையில் அதற்கு எங்கே போவது என்கிறார்கள். இந்த இரண்டையும் நான் மறுக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்பதால் இரண்டையும் சேர்த்தே தள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் ஸ்கேன் கதை. அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது என்பதால்தான் அது இத்தனை பேரை நம்ப வைக்கிறது.

நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கலாம் என்று பெரிய அளவில் நிரூபித்த ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. முடிவு 2011 இல் வெளிவந்தது. 55 முதல் 74 வயது வரையான, நீண்டகாலமாகப் புகைத்த 53,000 பேருக்கு மேல் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்குக் குறைந்த கதிர்வீச்சு சீ.ரீ. ஸ்கேன், மறு பாதிக்கு நெஞ்சு எக்ஸ்ரே, வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 வீதம் குறைந்தது. பிறகு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வு 2020 இல் அதே திசையைக் காட்டியது. ஆண்களில் பத்து வருடத்தில் 24 வீதம் குறைவு. இது நிஜமான வெற்றி. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அதே அமெரிக்க ஆய்வில், ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்று சொல்லப்பட்ட நூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்குப் புற்றுநோய் இல்லை. நுரையீரலில் இருந்த சின்னச் சின்னக் கட்டிகள் வேறு காரணத்தால் வந்தவை. இனி அந்த ஸ்கேனை ஊவாவுக்குக் கொண்டு வந்து பாருங்கள். காசநோய் வந்து ஆறிய தழும்பு உள்ள நெஞ்சுகள் நம்மிடம் எத்தனை! ஒவ்வொரு தழும்பும் திரையில் ஒரு சந்தேகமாகத் தெரியும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மறு ஸ்கேன், ஊசி குத்திச் சதை எடுத்தல், மாதக் கணக்கில் பயம். இன்னொரு பக்கம், அந்த நாடுகளின் அளவுகோல் நம் சனத்தைப் பிடிக்கவும் பிடிக்காது. இத்தனை பாக்கெட் சிகரெட் இத்தனை வருடம் என்று எண்ணித்தான் அங்கே ஆபத்தை அளக்கிறார்கள். காற்றுப் போகாத காம்பராவில் நாற்பது வருடம் ஈர விறகை ஊதி ஊதி எரித்த பெண்ணுக்கு அந்தக் கணக்கில் சுழி. அவள் நுரையீரலுக்கு அந்தப் புகை சிகரெட் புகையா விறகுப் புகையா என்று பார்க்கத் தெரியாது.

ஆகவே ஊவாத் தோட்டங்களுக்கு இன்றைக்கு ஸ்கேன் ஸ்கிரீனிங் வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குப் பதிலாகப் பஸ்ஸில் எக்ஸ்ரே யந்திரம் கொண்டு வந்து, நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கெல்லாம் "கேன்சர் செக்" என்று படம் எடுக்கலாம் என்பவர்களோடுதான் சண்டை. நோய்க்குறி இல்லாதவருக்கு எக்ஸ்ரே எடுப்பதால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையாது. இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு அதையும் அதே 2011 இல் சொல்லிவிட்டது. படம் சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அடுத்த வருடம் இரத்தம் இருமும்போது, "போன வருசம்தானே பாத்தாங்க" என்று இன்னும் மூன்று மாதம் இருப்பான். நெஞ்சுக்கு இன்றைக்கு நம்மால் செய்யக்கூடியது வேறு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பிறகும் இருமல் போகாவிட்டால், மறுபடி மறுபடி மருந்துப் போத்தலைக் கொடுத்து அனுப்பாமல் மேலே அனுப்ப வேண்டும். அடுப்புக்குப் புகைபோக்கி வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஸ்கிரீனிங் என்று பெயர் இல்லை. ஆனாலும் செய்ய வேண்டும்.

பிழை எங்கே நடக்கிறது என்றால், நுரையீரலுக்கு யந்திரம் வேண்டும் என்ற உண்மையை எடுத்து, புற்றுநோய் முழுவதற்கும் யந்திரம் வேண்டும் என்று நீட்டுகிற இடத்தில்தான். இந்த நாட்டு ஆண்களுக்கு மிக அதிகமாக வருகிற புற்றுநோய் எது? வாய்ப் புற்றுநோய். தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பதிவேடுகள் வருடா வருடம் சொல்வது இதைத்தான். தோட்டங்களில் வெத்தலை பெண்களின் மடியிலும் இருப்பதால் பெண்களுக்கும் வருகிறது. உடம்புக்குள் ஒளிந்திருக்கிற நுரையீரலைப் போல அல்ல வாய். அதைப் பார்க்க ஒரு டோர்ச்சும், இரண்டு விரலும், ஒரு துண்டு துணியும் போதும். ஆபத்து உள்ளவர்களைப் பார்க்கும் காரியம் எந்தப் புற்றுநோய்க்கு மிக எளிதோ, மிக மலிவோ, அந்தப் புற்றுநோய்தான் நம்மிடம் அதிகம். அப்படியிருந்தும் அதைச் செய்யாமல், இல்லாத ஸ்கேனைக் காட்டிக் கையை விரிக்கிறோம்.

டோர்ச் என்று நான் சொல்வது ஆசைக்குச் சொல்வதல்ல. திருவனந்தபுரத்தில், சங்கரநாராயணன் என்ற வைத்தியரின் தலைமையில் 1996 இல் ஆய்வு ஒன்று தொடங்கினார்கள். பதின்மூன்று ஊராட்சிகளை எடுத்தார்கள். ஏழில் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். ஆறில் வழக்கம் போல விட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் வைத்தியர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பட்டதாரிகள். 2005 இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 வீதம் குறைந்திருந்தது. பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் 24 வீதக் குறைவு நிலைத்திருந்தது. பழக்கம் எதுவும் இல்லாதவர்களைப் பார்த்ததில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. ஆகவே எல்லாரையும் பார்க்கத் தேவையில்லை, ஆபத்து உள்ளவர்களைப் பார்த்தால் போதும் என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. நம் மொழிக்கும் நம் வெத்தலைத் தட்டுக்கும் இத்தனை பக்கத்தில், கடல் தாண்டினால் வருகிற ஊரில் கிடைத்த சான்று இது. அமெரிக்காவிலிருந்து இறக்கிய ஒன்றல்ல.

அதற்கும் முன்னால் நம் நாட்டிலேயே செய்து பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மத்திய மாகாணத்தில், பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் கூட இருந்தவர்களும் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். குடும்ப நல மாது மாதிரியானவர்களுக்கு. ஒரு வருடத்தில் அவர்கள் பார்த்த வாய்கள் 28,000 க்கு மேல். நூற்றில் நாலு பேருக்குச் சற்று மேல் ஏதோ மாற்றம் இருப்பதாகக் கண்டு மேலே அனுப்பினார்கள். நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது, அந்த ஊழியர்கள் சொன்னது மிகப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அது அச்சானது. நாற்பது வருடம் ஆகிவிட்டது. நம் நாட்டில் பிறந்து உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுகிற ஓர் அறிவு, ஹாலி-எலையிலிருந்து லுணுகலை வரைக்கும் இன்னும் நடந்து வந்து சேரவில்லை. பிந்தியது யார் என்று இப்போது கேட்கிறேன்.

"விழிப்புணர்வு இல்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன். சனத்துக்குத் தெரியாதா? தெரியும். லயத்தில் எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் வெத்தலை போட்டால் வாய்ப்புண் வரும் என்று சொல்வார். தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்காததற்கும் அவர்கள் பொறுப்பில்லை. "நான் போயிலை சேர்க்க மாட்டேன், வெறும் பாக்குதான்" என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004 இல் திட்டவட்டமாகச் சொன்னது. பாக்கில் உள்ள சாரம் கன்னத்தின் உட்தோலை உள்ளிருந்தே இறுக்குகிறது. மெத்தென்றிருந்த சதை நாராகிறது. முதலில் காரம் எரியும். சம்பலைத் தொட முடியாது. பிறகு வாய் திறப்பது குறையும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைத்தால் போகாது, பிறகு இரண்டு விரலும் போகாது. அந்த நிலையில் இருப்பவர்களில் ஒரு பங்கினருக்குப் பின்னால் புற்றுநோய் வரும். நம் பெண்கள் இதை "வாய் கட்டிக்கிச்சு" என்று சொல்லி, சோற்றைச் சின்ன உருண்டையாகப் பிடித்துத் தின்னப் பழகிக்கொள்கிறார்கள். நோயோடு ஒத்துப்போக அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அறியாமை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

வெத்தலைக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. 1933 இல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஓர் (Orr) என்ற வைத்தியர், திருவிதாங்கூரில் வெத்தலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி லான்செட்டில் எழுதினார். நம் தாத்தாமார் இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் காத்திருந்து கப்பலேறிய காலம் அது. அவர்களை அனுப்பியவர்களும் இறக்கியவர்களும் படிக்கக்கூடிய மொழியில்தான் அது எழுதப்பட்டிருந்தது.

பிறகு, ஏன் போடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லையே. காலையில் பனியில் நனைந்த படங்கைச் சுற்றிக்கொண்டு மலையேறுகிறவளுக்கு ஒரு வாய் வெத்தலை சூடு. பத்து மணிக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடையில் பசியை அடக்குவது அது. அட்டை கடித்த இடத்தில் துப்புவதும் அதைத்தான். நிரையில் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு பாக்குத் துண்டு கேட்பது, ஒரு வார்த்தை பேசுவதற்கு வாய்ப்பு. பாக்கெட்டில் வந்த மெல்லும் புகையிலை வகைகளை 2016 இல் தடைசெய்தார்கள். நல்ல காரியம். ஆனால் கையால் மடித்து வாயில் போடுகிற வெத்தலையை எந்த வர்த்தமானியும் தொடவில்லை, தொடவும் முடியாது. விடச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் முப்பது வருடம் போட்டவள் இன்று விட்டாலும் அந்த முப்பது வருடம் கன்னத்துக்குள் இருக்கிறது. பிரசாரம் அவள் மகளுக்கு உதவும். அவளுக்கு உதவுவது, யாராவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுதான். "பழக்கத்தை விட்டால் போதும், பரிசோதனை எதற்கு" என்கிறவர்கள் ஒரு தலைமுறையையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுகிறார்கள்.

அந்த வாயை யாரும் பார்க்காமல் விட்டதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. பள்ளிக்கூடப் பல் வைத்தியம் பதின்மூன்று வயதோடு முடிகிறது. குடும்ப நல மாது லயத்துக்கு வருகிறார், நம் நாட்டின் பெருமை அவர். கர்ப்பிணியைப் பார்க்கிறார், பிள்ளையை நிறுக்கிறார். பிள்ளைப்பேறு முடிந்த பெண் அவர் புத்தகத்திலிருந்து மெல்ல விலகிப் போகிறாள். 35 வயதில் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது, 1996 இலிருந்து. கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார்கள், மார்பைப் பார்க்கிறார்கள். முகத்தில் இருக்கும் வாயையும் அங்கேயே பார்ப்பதற்கு இன்னும் இரண்டு நிமிடம் போதும். 2011 இலிருந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நடக்கின்றன. சீனி, பிரஷர், உடல் எடை பார்க்கலாம். நல்லது. ஆனால் அவை பெரும்பாலும் வேலை நாளில், வேலை நேரத்தில் திறந்திருக்கின்றன. அந்த நேரத்தில் கொழுந்து எடுக்கிறவள் மலையில் நிற்கிறாள்.

தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இங்கே ஒரு நாள் கூலிக்குப் பெயரே "பேர்". முழு வேலை செய்தால் முழுப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் போகும். 2021 இல் ஆயிரம் ரூபாயாக்குவதற்கும் 2024 இல் 1,350 ரூபாயாக்குவதற்கும் எத்தனை போராட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு பேரை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, பதுளையில் ஒரு சாப்பாடு வாங்கி, மாலையில் திரும்புவதற்கு ஒரு வீட்டில் என்ன செலவாகிறது என்று கணக்குப் பாருங்கள். வலிக்காத ஒரு வெள்ளைப் படையைக் காட்ட இத்தனையும் யார் செலவழிப்பார்? வலி வந்த பிறகு போகிறார்கள். வாய்ப் புற்றுநோயில் வலி கடைசியில்தான் வரும். "அலட்சியம்" என்று வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரிவது உள்ளே இருப்பவருக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்த முடிவு.

என் பெரியம்மாவின் மகளையே சொல்கிறேன். சாவு முடிந்து கருமாதிக்கு முந்தின நாள் அவளும் வெத்தலை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, வாயைத் திற."

"என்னாண்ணே, இப்பப் போயி."

"திற சொல்றேன்."

துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேரே, இலையில் ஒட்டிக் காய்ந்த பால் மாதிரி ஒரு வெள்ளை. துணியால் துடைத்தேன், போகவில்லை. ஓரத்தில் சிவப்பு. எத்தனை நாளாக என்று கேட்டேன். "தெரியலண்ணே, காரம் எரியும், அவ்ளோதான்" என்றாள். தாயின் கன்னத்துப் புண்ணைக் கழுவி, பஞ்சு வைத்து, ஒரு வருடம் பார்த்துக்கொண்ட பெண் அவள். அவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது என் முன்னால் சொல்லட்டும். ஒரு வருடமாக நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபோது, கட்டில் பக்கத்தில் நின்ற அவளையும் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லியிருக்கலாமே! அதே லயம், அதே வெத்தலைப் பெட்டி, அதே சுண்ணாம்பு டப்பா. ஆபத்து அதிகம் உள்ளவர் யார் என்று தெரிந்துகொள்ள அதைவிட என்ன வேண்டும்?

"கண்டுபிடித்து என்ன பயன், வைத்தியம் எங்கே இருக்கிறது" என்ற கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். வைத்தியத்துக்கு வழி இல்லாமல் நோயை மட்டும் சொல்லிவிட்டுப் போவது கொடுமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்து, பெனர் கட்டி, நூறு பேரின் வாயைப் பார்த்து, படம் எடுத்து, ஒரு சீட்டை நீட்டிவிட்டுப் போகிற முகாம்களை நான் ஏற்கவில்லை. அந்தச் சீட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிய இடத்திலேயே இருக்கும். 1984 ஆய்விலும் இதே முடிச்சுதான் விழுந்தது. மேலே அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே போய்ச் சேர்ந்தார்கள். அத்தனை நல்ல வேலையில் பாதி, பஸ் தரிப்பிடத்தில் நின்றுவிட்டது.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில், பார்க்காமல் விடுவது அல்ல. வெள்ளைப் படையாக இருக்கும்போது பிடித்தால் பலருக்கு ஒரு சின்ன வெட்டோ, பழக்கத்தை நிறுத்திவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதோ போதும். புற்றுநோயே ஆனாலும் அந்த இடத்திலேயே நிற்கும்போது அறுத்து எடுத்தால் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறவர்கள்தான் பெரும்பான்மை. கழுத்து நெறிகட்டிய பிறகு அந்தக் கணக்கு பாதியாகிறது. பதுளை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முற்றிய பிறகு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தாண்டி மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை அலைய வேண்டியவரை, முன்னாலேயே பிடித்தால் எவ்வளவு பக்கத்தில் வைத்தே பார்க்கலாம்! வைத்திய வசதி குறைவு என்பதே நேரத்தோடு பார்ப்பதற்கு முதல் காரணம். செலவைச் சொல்பவர்களுக்கும் கேரளத்துக் கணக்கு இருக்கிறது. ஆபத்து உள்ளவர்களை மட்டும் பார்த்தால், காப்பாற்றப்படும் ஓர் ஆயுள் வருடத்துக்கு ஆன செலவு 156 அமெரிக்க டொலர் என்று 2009 இல் வெளியிட்டார்கள். முற்றிய நோயாளி ஒருவருக்குக் கதிர் சிகிச்சையும் மருந்தும் கொடுக்க ஆகும் செலவின் முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இந்தச் சனத்தை ஓரிடத்தில் கூட்டிப் பார்ப்பது கஷ்டம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நூறு வருடத்துக்கு முன் மண்டபம் முகாமில் வரிசையாக நிறுத்தி அம்மை குத்தினார்கள். 1916 இலிருந்து ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆட்கள் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டம் தோட்டமாக வந்து ஆண், பெண், பிள்ளை எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். இரத்தம் குறைந்த கூலி வேலைக்கு உதவமாட்டான் என்று துரைமாருக்குத் தெரிந்திருந்தது. அப்போது தூரமும் தடையாகவில்லை, மொழியும் தடையாகவில்லை, அறியாமையும் தடையாகவில்லை. உழைப்பு தேவைப்பட்டபோது ஒவ்வொரு உடம்பையும் தேடி வந்து பார்க்க முடிந்தது. ஐம்பது வயது தாண்டி ஓய்வு நெருங்குகிறவளின் கன்னத்தைப் பார்க்க மட்டும் இப்போது வழியில்லையாம்.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் இருக்கின்றன. ஆனாலும் மேலே அனுப்பும் சீட்டைத் தமிழில் நான் பார்த்ததில்லை. "எந்த அறைக்குப் போக வேண்டும், எந்தக் கிழமை, எதற்காக" என்ற மூன்று வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்தால், சீட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் போகாது.

தோட்டத்தில் செக்ரோல் இருக்கிறது. யார் பேர், என்ன வயது, நேற்று எத்தனை கிலோ எடுத்தாள் என்பது அலுவலகத்தில் உண்டு. இந்தத் தோட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எத்தனை பேர் என்று கேட்டால் கணக்கப்பிள்ளை பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பட்டியலோடு வெத்தலை, பீடி, சாராயம் என்ற மூன்று கேள்வியைச் சேர்த்தால் ஆபத்து அதிகம் உள்ளவர்களின் பட்டியல் வந்துவிடும். அதை நிர்வாகம் வைத்திருக்கக் கூடாது. தோட்டத்து மருத்துவ உதவியாளரும் சுகாதார அலுவலகமும் வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவரை வற்புறுத்தவும் கூடாது. கொக்கிப்புழுக் காலத்திலிருந்து நாம் மாற்ற வேண்டியது இதைத்தான்.

ஒரு வாயைச் சரியாகப் பார்க்க மூன்று நிமிடம். உதடு, இரு கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, அண்ணம், பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தல், மூன்று விரல் வைத்துப் பார்த்தல். இருநூறு பேர் உள்ள ஒரு பிரிவுக்கு மொத்தம் பத்து மணி நேரம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில் ஒரு மணி நேரமாக எடுத்தால் பத்து நாள். இரண்டு பேர் பார்த்தால் ஐந்து நாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்தாலே பெரிய காரியம். மேலே அனுப்பப்படுகிறவர்கள், மத்திய மாகாணக் கணக்குப்படி, எட்டோ பத்தோ பேர். ஒரு வான் போதும், ஒரே நாளில் எல்லாரையும் பதுளைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வரலாம். கம்பனி சம்மதிக்க வேண்டியதும் தொழிற்சங்கம் மேசையில் தட்டிக் கேட்க வேண்டியதும் ஒன்றுதான். அந்த நாளைக்கு அந்தப் பத்துப் பேருக்கும் முழுப் பேர் போட வேண்டும்.

தங்கச்சியைப் பதுளைக்கு நான்தான் கூட்டிப் போனேன். சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் ஆகக்கூடியது என்றார்கள். வெட்டி எடுத்துத் தையல் போட்டார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறாள். வெத்தலையை விட்டுவிட்டாள், பாக்கு மட்டும் எப்போதாவது கை போகிறது என்று ஒளிக்காமல் சொன்னாள், அதற்கும் திட்டினேன். அந்த முதல் நாளோடு சேர்த்து இதுவரை அவளுக்குப் போன பேர் ஐந்து. போன மாதம் பணிய லயத்துக்குப் போனபோது இஸ்தோப்பில் நாலு பெண்களை உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியையும் வாயைத் திறக்கச் சொல்லி, என்னிடம் கைத்தொலைபேசியை நீட்டி, "அண்ணே, இந்த லைட்டைக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.